அடுத்தவர் திறமைக்கு ஓர் இடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் நீண்ட மின்னஞ்சல் கிடைத்தது. தோழிகளோடு சேர்ந்து, குழந்தைகளுக்கான கதைகளை அனிமேஷன் படங்களாக எடுக்கும் கம்பெனி ஒன்றைத் தொடங்கப் போகிறாய். அதற்காக இப்போதைய வேலையை விடலாமா என்று கேட்டிருக்கிறாய். கடைசிப் பத்தியில், "முதலில் நிறையச் சம்பாதிக்கணும் மாமா, அப்புறம் ஊருக்கு நிறையச் செய்யணும்" என்றும் எழுதியிருக்கிறாய். உன் அம்மா அதைப் படித்துவிட்டுப் பயந்துபோயிருக்கிறாள். எனக்குப் பயமில்லை, சந்தோஷம்தான். ஆனால் சம்பாதிப்பது முதலில், செய்வது அப்புறம் என்று நீ போட்டிருக்கும் வரிசையைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும். அதை வெறும் புத்திமதியாகச் சொன்னால் உனக்குச் சலிப்புத் தட்டும். வியாபாரம், சினிமா, அறப்பணி மூன்றிலும் பெரிதாக நின்ற ஒருவரின் வாழ்க்கையை வைத்தே சொல்கிறேன்.

நீ தினமும் ஆற்காடு சாலை வழியாகத்தான் ஆபீசுக்குப் போகிறாய். வடபழனியில் விஜயா மருத்துவமனையையும் விஜயா மாலையும் பார்த்திருப்பாய். அந்தப் பகுதி ஒரு காலத்தில் விஜயா-வாகினி ஸ்டுடியோவாக இருந்தது. ஆசியாவிலேயே பெரிய ஸ்டுடியோ என்று சினிமாக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட இடம். ஸ்டுடியோவை வளர்த்தவரும் மருத்துவமனையைக் கட்டியவரும் ஒருவரே, பி. நாகிரெட்டி. நான் சிறுவனாக இருந்தபோது மாதம் தவறாமல் வாசித்த 'அம்புலிமாமா'வும் அவர் நடத்தியதுதான்.

நாகிரெட்டி 1912 டிசம்பரில் கடப்பை மாவட்டத்துப் பொட்டிப்பாடு கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பர்மாவுக்கு வெங்காயம் ஏற்றுமதி செய்யும் வியாபாரமும் குடும்பத்துக்கு இருந்தது. இளவயதில் அவர் பழகியது அந்த வியாபாரத்தில்தான். இரண்டாம் உலகப்போரில் 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், அந்தக் கடல்வழியை நம்பிப் பிழைத்த எல்லாருடைய வியாபாரமும் படுத்தது. சென்னையில் அவருடைய அண்ணன் பி.என். ரெட்டி ஏற்கெனவே கால் ஊன்றியிருந்தார். 'வந்தேமாதரம்', 'மல்லீஸ்வரி' போன்ற படங்களை இயக்கியவர். அண்ணன் தொடங்கிவைத்த பி.என்.கே. அச்சகத்தின் பொறுப்பைத் தம்பி ஏற்றார். பிற்பாடு நடந்ததற்கெல்லாம் அதுவே அடித்தளம்.

சொந்தக் காலில் நின்று உயர்ந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் ஏறுவதற்கு முதல் படியை அண்ணன் போட்டுக் கொடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னாளில் இந்தியத் திரைத்துறையின் உயரிய விருதான தாதாசாகேப் பால்கே விருது 1974க்கு அண்ணனுக்கும் 1986க்குத் தம்பிக்கும் கிடைத்தது. யாருடைய உதவியும் இல்லாமல் முன்னுக்கு வந்தேன் என்று மேடையில் பேசுகிற முதலாளிகளை நீ நிறையப் பார்ப்பாய். அவர்களை நம்பாதே. உன் அப்பா கட்டிய கல்லூரிக் கட்டணத்தையும் உன் அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸையும் உன் கம்பெனியின் மூலதனக் கணக்கில் எழுதிவைத்துக்கொள். வாங்கியது எவ்வளவு என்று தெரிந்தவருக்குத்தான் கொடுக்க மனசு வரும்.

அச்சுத் தொழில் எனக்குச் சோறு போட்டது. அதனால் நாகிரெட்டியின் வாழ்க்கையில் ஒரு விஷயம் மற்றவர்களைவிட எனக்கு நன்றாகப் புரியும். அச்சகம் நடத்துகிறவன் தன் பெயருக்காக வேலை செய்ய முடியாது. யாரோ எழுதியதை, யாரோ வரைந்ததை, பிழையில்லாமல், சொன்ன தேதியில் கொடுப்பதுதான் அவன் வேலை. கல்யாணப் பத்திரிகை முகூர்த்தத்துக்கு மறுநாள் வந்தால் அது வெறும் குப்பை. காகிதம் ஒரு ரீம் என்ன விலை, மை எவ்வளவு போகும், சேதாரம் எத்தனை தாள் என்று தெரியாமல் ரேட் சொன்னால் கைப்பணம் போகும். கணக்கு, காலக்கெடு, அடுத்தவர் திறமைக்கு மரியாதை மூன்றையும் அச்சகம் சொல்லித்தரும். நாகிரெட்டி சினிமாவுக்குப் போனபோதும், பிறகு மருத்துவமனை கட்டியபோதும், இந்த மூன்றையும் கையோடு எடுத்துப்போனார் என்பது என் முடிவு.

1947 ஜூலையில், நாடு விடுதலை அடைவதற்கு ஒரு மாதம் முன்னால், அவரும் நண்பர் சக்கரபாணியும் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் கொண்டுவந்தார்கள். வீட்டில் பழைய இதழ்கள் வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துப் பார். விக்கிரமாதித்தன் வாளும் கையுமாக மயானத்தில் நடந்துவருவான். தோளில் வேதாளம் புகுந்த சவம் தொங்கும். அதை வரைந்தவர் சங்கர். மரத்தின் வேர், மண்டை ஓடு, ராஜாவின் காதணி ஒவ்வொன்றையும் கோடுகோடாக இழைத்திருப்பார். அந்தக் காலத்தில் கலர் அச்சு என்றால் ஒவ்வொரு நிறமாகத் தனித்தனியே ஏற்ற வேண்டும். சிவப்பு ஒரு மயிரிழை விலகினாலும் இளவரசிக்கு உதடு இரண்டாகத் தெரியும். அத்தனை சிரமப்பட்டு அதைச் சிறுவர் பத்திரிகைக்குச் செய்தார்கள். குழந்தைகள்தானே, சுமாராக இருந்தால் போதும் என்று நினைக்கவில்லை. நீ எடுக்கப்போவதும் குழந்தைகளுக்கான படம். இதை மறக்காதே.

அம்புலிமாமாவில் வியாபார மூளையும் இருந்தது. கதையும் ஓவியமும் எல்லா மொழிப் பதிப்புக்கும் பொது. எழுத்து மட்டும் மாறும். நல்ல ஓவியருக்குக் கொடுக்கும் பணம் ஒரு பதிப்பின் தலையில் விழுந்தால் பத்திரிகை தாங்காது. பல மொழிகளுக்குப் பங்கு போட்டால் தாங்கும், ஓவியருக்கும் நன்றாகக் கொடுக்கலாம். பின்னால் கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம், ஆங்கிலம் என்று பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் அது வந்ததற்கு இந்தக் கணக்குதான் வழிசெய்தது. தரத்தைக் குறைத்து மலிவாக்குவது எல்லாருக்கும் தெரிந்த வழி. தரத்தைக் குறைக்காமல் செலவைப் பரப்புவதற்குத்தான் யோசனை வேண்டும். உன் படங்களைத் தமிழோடு நிறுத்தப்போகிறாயா, ஓவியத்தை ஒருமுறை செய்து குரலை மட்டும் மாற்றி நாலு மொழிக்குக் கொண்டுபோகப் போகிறாயா என்று இப்போதே உட்கார்ந்து கணக்குப் போடு.

இனி கூட்டாளி விஷயம். உன் மின்னஞ்சலில் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான். நீங்கள் எல்லாரும் ஒரே கல்லூரி, ஒரே படிப்பு, ஒரே ரசனை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். நட்புக்கு அது நல்லது. தொழிலுக்குப் போதாது.

சக்கரபாணி எழுத்தாளர். காசநோய்க்காக மதனப்பள்ளி சானடோரியத்தில் படுத்திருந்த காலத்தில் வங்காள மொழி கற்றுக்கொண்டு, சரத்சந்திரரின் கதைகளைத் தெலுங்கில் கொண்டுவந்தவர். கதை எங்கே இழுக்கிறது, எந்த வசனம் வேண்டாம், எந்தக் காட்சியில் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். பணம் எங்கிருந்து வரும், யாரை எந்த வேலைக்கு வைக்கலாம், எதை எப்போது விற்கலாம் என்பது நாகிரெட்டிக்குத் தெரியும். பேச்சிலும் குணத்திலும் வெவ்வேறான இருவர், 1975இல் சக்கரபாணி இறக்கும்வரை ஒன்றாகவே இருந்தார்கள். ஒருவருக்குத் தெரிந்த விஷயத்தில் அவர் முடிவே முடிவு என்று மற்றவர் விட்டுக்கொடுக்காமல் இவ்வளவு காலம் நிற்கும் கூட்டு எதுவும் இல்லை.

அவர்கள் இருவரும் தெலுங்கில் எடுத்த 'மிஸ்ஸம்மா' படத்தில் முதலில் நாயகியாக நடித்தவர் பானுமதி. சில ரீல்கள் எடுத்த பிறகு அவருக்கும் சக்கரபாணிக்கும் ஒத்துப்போகவில்லை. எடுத்ததை ஒதுக்கிவிட்டு, இரண்டாம் நாயகியாக இருந்த சாவித்திரியை நாயகியாக்கி மறுபடி படம் பிடித்தார்கள். படச்சுருளும் நாட்களும் எவ்வளவு வீணாகியிருக்கும்! பணம் போட்ட நாகிரெட்டி அந்த இடத்தில் கூட்டாளியைக் கைவிடவில்லை. 1955இல் வந்த அந்தப் படமும் அதன் தமிழ் வடிவமான 'மிஸ்ஸியம்மா'வும் சாவித்திரியை எங்கே கொண்டுபோய் வைத்தன என்று உன் பாட்டியைக் கேள், மணிக்கணக்காகச் சொல்வாள்.

உங்களுக்குள் கணக்கு பார்க்கத் தெரிந்தவர் யார்? வரவேண்டிய பாக்கியை முகம் சுளிக்காமல் கேட்டு வாங்கக்கூடியவர் யார்? அப்படி ஒருவரும் இல்லையென்றால், அப்படிப்பட்ட ஒருவரைத் தேடிச் சேர்த்துக்கொள். யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பதை எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மனஸ்தாபம் வந்த பிறகு எழுதும் ஒப்பந்தம் வக்கீலுக்குத்தான் லாபம்.

சினிமாவுக்கு வருகிறேன். வாகினி ஸ்டுடியோவை நாகிரெட்டி முதலில் குத்தகைக்கு எடுத்தார், பிறகு சொந்தமாக்கினார். அவரும் சக்கரபாணியும் நடத்திய விஜயா புரொடக்ஷன்ஸ் முதலில் எடுத்த 'ஷாவுகாரு' 1950இல் வந்தது. அதில் அறிமுகமான ஜானகிக்கு இன்றுவரை 'சௌகார்' என்ற அடைமொழி நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு 'பாதாள பைரவி', 1957இல் 'மாயா பஜார்'. நீ சின்னவளாக இருந்தபோது எத்தனை தடவை பார்த்திருக்கிறாய், நினைவிருக்கிறதா? கடோத்கசனாக எஸ்.வி. ரங்காராவ் கல்யாண விருந்தின் முன்னால் உட்காருவார். பலகாரங்கள் தாமாகவே நகர்ந்து அவர் வாய்க்குள் போகும். கம்ப்யூட்டர் இல்லாத காலம். கேமரா, வெளிச்சம், கத்திரிக்கோல், பொறுமை இவற்றை வைத்தே செய்தார்கள். இயக்கம் கே.வி. ரெட்டி, ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. இன்று உன் வயதுப் பிள்ளைகளும் அந்தக் காட்சியை வாய்பிளந்து பார்க்கிறார்கள்.

நாகிரெட்டி அந்தக் காட்சியில் நடிக்கவில்லை, அதை எழுதவோ படம் பிடிக்கவோ இல்லை. ஆனால் தளம் அவருடையது. விளக்கு, லேப், தச்சர், பெயின்டர், தையல்காரர் எல்லாரும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். என்.டி. ராமராவ் வளர்ந்துவரும் நடிகராக இருந்தபோது மாதச் சம்பள ஒப்பந்தத்தில் அங்கேதான் இருந்தார். சந்தமாமாவின் தெலுங்கு எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவ் 1952 முதல் 1980இல் இறக்கும்வரை அதே பத்திரிகையில் ஆசிரியராக உழைத்தார். ஓவியர் சங்கர் பல பத்தாண்டுகள் அங்கேயே வரைந்தார்; 2020இல் அவர் மறைந்த பிறகு, அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய திறமைசாலிகள் ஒரே கூரையின் கீழ் இத்தனை காலம் இருந்திருக்கிறார்கள் என்றால், அடுத்த மாதச் சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வேலையில் மூழ்க முடிந்தது என்று அர்த்தம்.

உன்னிடம் நான் சொல்லவந்த ஒரே விஷயம் இதுதான், பாப்பா. பெரிய முதலாளி என்பவர் தன் திறமையைக் காட்டுகிறவரல்ல. அடுத்தவர் திறமைக்கு இடம் கட்டுகிறவர். அந்த இடத்தை ஒழுங்காகக் கட்டினால் வியாபாரமும் அதிலேயே நடக்கும், அறமும் அதிலேயே தொடங்கும்.

வியாபாரம் எப்படி நடந்தது என்றும் பார். தளங்களை மற்ற தயாரிப்பாளர்களுக்கும் வாடகைக்கு விட்டார். சொந்தப் படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை வந்துகொண்டிருக்கும். பல படங்களை ஒரே செட்டில் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார்கள். எல்லாக் கதையும் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்ற வீம்பும் அவருக்கு இல்லை. 1964இல் வேறொருவர் தயாரித்த தெலுங்குப் படம் 'ராமுடு பீமுடு'. அதை 1965இல் எம்.ஜி.ஆரை வைத்து 'எங்க வீட்டுப் பிள்ளை'யாகத் தமிழில் எடுத்தார். 1967இல் திலீப்குமாரை வைத்து 'ராம் அவுர் ஷியாம்' என்று இந்தியில் எடுத்தார். நல்ல சரக்கை அடையாளம் காண்பதும், அதை முறைப்படி வாங்கி இன்னொரு ஊர் ரசிகனுக்குப் பொருந்தும்படி செய்வதும் பெரிய திறமைதான். உங்கள் முதல் பத்துக் கதைகளும் சொந்தக் கற்பனையாகவே இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்தப் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்து.

அடுத்தது மருத்துவமனை. 1972இல் விஜயா மருத்துவ, கல்வி அறக்கட்டளையை ஏற்படுத்தி, வடபழனியிலேயே விஜயா மருத்துவமனையைத் தொடங்கினார். 1987இல் விஜயா ஹெல்த் சென்டர் வந்தது. இடையில், 1980களின் தொடக்கத்தில், திருமலை திருப்பதி தேவஸ்தான அறங்காவலர் குழுவின் தலைவராகவும் இருந்தார். 1972இல் அவருக்கு அறுபது வயது. அப்போது ஸ்டுடியோ மூடிக்கிடக்கவில்லை. படங்கள் எடுத்துக்கொண்டே இருந்தார். 1975இல் 'ஜூலி' இந்தியில் வந்தது. அதாவது தொழிலை முடித்துவிட்டு மிச்சத்தில் தர்மம் செய்யவில்லை. ஓடிக்கொண்டிருந்த தொழிலின் பக்கத்திலேயே மருத்துவமனையை எழுப்பினார்.

அதை அறக்கட்டளையாக வைத்ததைக் கவனி. பணக்காரர் ஒருவர் கை நீட்டிக் கொடுக்கும் தர்மம் அவர் மனநிலையைப் பொறுத்தது. இன்று கொடுப்பார், நாளை மறப்பார். அறக்கட்டளையில் போட்ட சொத்து அதன் நோக்கத்துக்குக் கட்டுப்பட்டது. அறங்காவலர்கள் அதைப் பார்த்துக்கொள்ளலாம், தங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. வருகிற வருமானம் அந்த நோக்கத்துக்கே செலவாக வேண்டும். வருஷாவருஷம் கணக்குத் தணிக்கை உண்டு. மருத்துவமனை நடத்துவதும் எளிதல்ல. டாக்டருக்கும் நர்சுக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும், ஜெனரேட்டர் ஓட வேண்டும், மருந்துக் கம்பெனிக்குப் பாக்கி கட்ட வேண்டும். அச்சகத்திலும் தளத்திலும் பழகிய கணக்கும் ஒழுங்கும் இங்கேதான் பெரிதாக உதவியிருக்கும். நல்ல மனசால் மருத்துவமனையைத் தொடங்கலாம். அதை ஐம்பது வருஷம் நடத்த நிர்வாகம் வேண்டும்.

எல்லாம் நிலைத்துவிட்டது என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். 1977இல் '16 வயதினிலே' வந்த பிறகு தமிழ்ச் சினிமா கேமராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போனது. செட் போட்டு எடுக்கும் படங்கள் குறைந்தன, பெரிய ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின. விஜயா-வாகினியும் தப்பவில்லை. தொலைக்காட்சி வீட்டுக்கு வந்ததும் சிறுவர் பத்திரிகைகள் தேய்ந்தன. நாகிரெட்டி 2004 பிப்ரவரியில் 91 வயதில் காலமானார். அதன்பின் 2007இல் அம்புலிமாமா மும்பை நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய், சில ஆண்டுகளில் நின்றேபோனது. என்னைப் போன்றவர்களுக்கு அது வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது. மருத்துவமனை இன்றும் நடக்கிறது. இரவு எந்நேரம் போனாலும் அதன் வாசலில் ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இதிலிருந்து, வியாபாரம் அழியும், தர்மம் மட்டும் நிற்கும் என்ற முடிவுக்கு வராதே. தொழில் நன்றாக நடந்ததால்தான் மருத்துவமனைக்கு இடமும் பணமும் வந்தன. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு காலம் உண்டு. அது நல்ல நிலையில் இருக்கும்போதே, அதைவிட நீண்டு நிற்கக்கூடிய ஒன்றுக்கு அதிலிருந்து பங்கு ஒதுக்க வேண்டும். தேய ஆரம்பித்த பிறகு ஒதுக்க எதுவும் மிஞ்சாது.

இப்போது உன் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். வேலையை உடனே விடாதே. முதல் படத்தை ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் முடி. தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டாதே, அவர்கள் எதையும் நன்றாக இருக்கிறது என்பார்கள். நம் ஊர் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பில் போட்டுக் காட்டு. எந்த இடத்தில் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்தை வெட்டு. காசு கொடுத்து வாங்க ஒருவர் வந்த பிறகு வேலையை விடு. அதற்குள் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே சேர்த்துவை. அம்மாவின் நகையில் கை வைக்காதே.

கம்பெனி தொடங்கினால் வரையும் பிள்ளைகளுக்கும் குரல் கொடுப்பவர்களுக்கும் சொன்ன தேதியில் சம்பளம் கொடு. அவர்கள் பெயரைப் படத்தில் போடு. அந்தக் காலத்து அம்புலிமாமா கதைகளில் எழுதியவர் பெயரே இருக்காது. அந்தக் குறை உன்னிடம் வேண்டாம். ஊழியரின் வருங்கால வைப்புநிதியைச் சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திராமல் முதல் ஆளிலிருந்தே கட்டு. லாபம் வந்த முதல் வருஷத்திலிருந்தே, சின்னத் தொகையாக இருந்தாலும், பொதுக்காரியத்துக்கென்று தனிக்கணக்கு வைத்து அதில் போடு. அந்த மூன்றாம் வகுப்புக்கு ஒரு புத்தக அலமாரி வாங்கிக் கொடுப்பதில் ஆரம்பிக்கலாம். ஊருக்குச் செய்வது பணக்காரி ஆன பிறகு கற்றுக்கொள்ளும் பழக்கமல்ல. கையில் குறைவாக இருக்கும்போது வராதது, நிறைய இருக்கும்போதும் வராது.

பங்கு ஒப்பந்தத்தையும் ஆறு மாதச் செலவுக் கணக்கையும் எழுதி எனக்கு அனுப்பு. அவை சரியாக இருந்தால் என்னால் முடிந்த தொகையை நான் கடனாக அல்ல, பங்காகவே போடுகிறேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ தைரியமாகத் தொடங்கு. யாருக்கு எந்த வேலை, எந்தத் தேதியில் எவ்வளவு சம்பளம் என்பதை முதலில் எழுது, கம்பெனிக்குப் பெயர் வைப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாமா